தோடம்பழமும் சொக்லேட்டும்: பழியை வெயில் மேல் போடாதீர்கள்

டிசெம்பர் விடுமுறை தொடங்கினால் கைபேசியில் அந்தக் காணொளிகளும் தொடங்கிவிடும். உரித்த தோடம்பழச் சுளையைக் கரும்பழுப்பாக மினுங்கும் சொக்லேட்டில் பாதிவரை தோய்த்து எடுப்பார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். பார்த்த கையோடு நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்பார்கள். உம்மாவும் செய்து பார்ப்பார். சட்டியில் சொக்லேட் மண்ணாங்கட்டி போல இறுகிவிடும், அல்லது தோய்த்த சுளை மாலைவரை பிசுபிசுத்துக் கிடக்கும். "இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் சரி, நுரைச்சோலை வெக்கைக்கு ஆகாது" என்று தீர்ப்பும் வந்துவிடும்.

பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு பிழை. கெடுத்தது வெயிலாக இருக்காது. யாரும் கவனிக்காத ஈரமாகவே இருக்கும். இந்தப் பண்டத்தைச் சுற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: சொக்லேட் குளிர்நாட்டுச் சாமான், கரையோர வெப்பத்தில் நிற்காது.

உண்மை: கொக்கோ மரம் குளிரைத் தாங்காது. நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 20 பாகைக்குள்தான் அது விளைகிறது. நம் நாட்டிலேயே மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் விளைகிறது. சொக்லேட்டின் உடம்பாக இருப்பது கொக்கோ வெண்ணெய். அது ஆறு வகைப் படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வகையாக உறைந்தால்தான் மினுமினுப்பு இருக்கும், ஒடித்தால் 'டக்' என்று ஓசை வரும். அந்த வகை உருக ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ் வேண்டும். ஒழுங்காக உறையாத நான்காவது வகையோ 27, 28 பாகையிலேயே இளகிவிடும்.

நுரைச்சோலையில் மார்கழி, தை மாத விடியற்காலைகளில் வெப்பநிலை 22, 23 பாகை அளவுக்கு இறங்கும். அந்த நேரம் தாராளமாகப் போதும். சித்திரை மாதத்துப் பிற்பகலில் செய்தால்தான் வெயிலைக் குறை சொல்லலாம்.

நம்பிக்கை 2: பச்சையாக இருக்கும் தோடம்பழம் பழுக்காதது.

உண்மை: தோடம்பழத்தின் தோல் செம்மஞ்சளாவது பழுத்ததால் அல்ல, இரவுக் குளிரால். இரவு நன்றாகக் குளிர்ந்தால் தோலிலுள்ள பச்சையம் சிதைந்து, அடியிலிருக்கும் நிறம் வெளியே தெரியும். மத்தியதரைக் கடல் நாடுகளில் நடப்பது இதுதான். நம் தாழ்நிலங்களில் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. அதனால் மொணராகலை மாவட்டத்துப் பிபிலைத் தோடம்பழம் சாறு நிறைந்து இனிக்கும்போதும் தோல் பச்சையோடியபடியே இருக்கும். வெளிநாடுகளில் பல இடங்களில், பச்சையாகப் பறித்த பழத்தை எதிலீன் வாயு நிறைந்த அறையில் வைத்து நிறமேற்றுகிறார்கள். அதனால் இனிப்பு கூடுவதில்லை.

கடையில் நிறத்தைப் பார்க்காமல் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழங்களில் கனமானதில்தான் சாறு அதிகம்.

நம்பிக்கை 3: பளபளக்கும் இறக்குமதிப் பழம்தான் தோல் மிட்டாய்க்கு நல்லது.

உண்மை: சுளையைப் போலவே, பாகில் வெந்த தோலையும் சொக்லேட்டில் தோய்க்கலாம். ஆனால் அந்தப் பளபளப்பு பெரும்பாலும் மெழுகுப் பூச்சு. நீண்ட கப்பல் பயணத்தில் பழம் வற்றாமலும் அழுகாமலும் இருக்க மெழுகோடு பூஞ்சைக்கொல்லியும் பூசுவது வழக்கம். சுளையைத் தின்பவருக்கு அதனால் பெரிய கவலையில்லை. தோலைத் தின்னப்போகிறவர்தான் யோசிக்க வேண்டும். வீட்டு மரத்துப் பழமோ பூச்சுப் பூசாத உள்ளூர்ப் பழமோ கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள்.

தோலுக்குள் இருக்கும் வெள்ளைச் சதை விஷம் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. அதில் இருப்பது பெக்டினும் கசப்புப் பொருட்களும்தான். தண்ணீரை மாற்றி மாற்றி மூன்று முறை கொதிக்கவிட்டு வடித்தால் கசப்பு இறங்கிவிடும். பிறகு சீனிப் பாகில் மெல்லிய தீயில் தோல் கண்ணாடிபோலத் தெளியும்வரை வேகவைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். நத்தார் கேக்குக்குப் பூசணித் தோசி செய்த கைக்கு இந்த வேலை புதிதல்ல.

நம்பிக்கை 4: சொக்லேட் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரோ பாலோ விட்டால் இளகும்.

உண்மை: அதிகமாகக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான். உருகிய சொக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சீனித் துகளும் கொக்கோத் துகளும். அதில் துளி நீர்கூடக் கிடையாது. ஒரு சொட்டு நீர் விழுந்தால் சீனித் துகள்களின் மேல் ஈரம் பட்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே மினுக்கம் செத்து, கரண்டியைச் சுற்றி மணல்போலத் திரண்டு, கிண்டக் கிண்ட இறுகும். அடுப்பை ஏற்றினாலும் அது இளகாது, கருகும்.

தண்ணீரை யாரும் ஊற்ற வேண்டியதில்லை, தானாகவே வந்துவிடும். கழுவித் துடைக்காத கரண்டி, வியர்த்த மூடி, சொக்லேட் கோப்பையைச் சுடுநீர்ச் சட்டிக்கு மேலே வைத்து உருக்கும்போது கீழ்ச்சட்டியிலிருந்து எழும் ஆவி, உரிக்கும்போது கிழிந்த சுளையிலிருந்து கசியும் சாறு என்று அதற்கு வழிகள் பல. ஆகவே கீழ்ச்சட்டித் தண்ணீர் கோப்பையைத் தொடக்கூடாது, கொதித்துக் குமுறவும் கூடாது. சுளையை மெல்லிய தோல் கிழியாமல் பிரித்து, நாரை எடுத்து, துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே பரப்புங்கள். தொட்டால் கடதாசிபோல இருக்க வேண்டும். மழை கொட்டும் நாளில் கடற்கரைக் காற்றே ஈரமாக இருப்பதால் அன்று இந்த வேலையே வேண்டாம்.

இறுகிவிட்டதை வீச வேண்டாம். 100 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவு சுடுநீரோ சுடுபாலோ விட்டு அடித்துக் கலக்கினால் குழம்பாக இளகும். தோய்ப்பதற்கு உதவாது, ஊற்றிச் சாப்பிட உதவும். சொட்டு நீர் இறுக்கும், நிறைய நீர் இளக்கும் என்பதுதான் இதிலுள்ள விசித்திரம்.

நம்பிக்கை 5: தேங்காய் எண்ணெய் கலந்தால் நன்றாக இறுகி மினுங்கும்.

உண்மை: குளிர்நாட்டில் இது ஓரளவு சரி. தென்னை முக்கோணத்தில் இருக்கும் நமக்கு இது பொருந்தாது. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையில் உருகும். நம் சமையலறையில் அது போத்தலுக்குள் உறைவதே அரிது. போத்தலில் உறையாதது சொக்லேட்டுக்குள் மட்டும் எப்படி உறையும்? அது கொக்கோ வெண்ணெயோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று இளக்கவே செய்யும். பூச்சு விரலில் ஒட்டும்.

செய்ய வேண்டியது வேறு. சொக்லேட்டை மூன்று பங்காக்குங்கள். இரண்டு பங்கைச் சுடுநீர்ச் சட்டிக்கு மேலே உருக்கி, 45 பாகை அளவுக்கு வந்ததும் இறக்குங்கள். மூன்றாம் பங்கைப் பொடியாகச் சீவிப் போட்டு நிதானமாகக் கிண்டுங்கள். சீவலில் இருக்கும் நல்ல படிகங்கள் விதைபோல நின்று மற்றதையும் தம் வகையாக உறையச் செய்யும். கறுப்பு சொக்லேட் 31, 32 பாகைக்கு இறங்கும்போது தோய்க்கலாம். வெப்பமானி இல்லையென்றால் கீழுதட்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். சூடாகத் தெரியாமல் சற்றே குளிர்வாக இருந்தால் பதம்.

இந்தப் பாடு வேண்டாம் என்பவர்களுக்குத் தாவரக் கொழுப்பில் செய்த 'கம்பவுண்ட்' கட்டி இருக்கிறது. உருக்கித் தோய்த்தால் போதும், நம் வெப்பத்தையும் தாங்கும். வாயில் கரைவதில் மட்டும் பின்தங்கும். உறையின் மேல் தாவரக் கொழுப்பு என்று எழுதியிருப்பதை வைத்து அடையாளம் காணலாம்.

நம்பிக்கை 6: ஃபிரிட்ஜில் வைத்தால் எல்லாம் சரியாகும்.

உண்மை: பத்து நிமிடம் வைத்து இறுக்கலாம், தவறில்லை. இரவு முழுக்கத் திறந்தபடி வைத்து எடுத்தால் நம் ஈரக்காற்று பட்டவுடன் சொக்லேட் வியர்க்கும். அந்த வியர்வை சீனியைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக விடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், டப்பா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள்.

அது தவிர, மின்சாரத்தை நம்பிச் செய்கிற பண்டமும் அல்ல இது. 900 மெகாவொட் லக்விஜய அனல் மின்நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையக் கோளாறால் நாடே இருண்டபோது நமக்கும் இருட்டுத்தான்.

நம்பிக்கை 7: வெள்ளை படிந்தால் பூஞ்சணம், வீச வேண்டும்.

உண்மை: சொக்லேட்டின் மேல் படியும் வெள்ளை பெரும்பாலும் மேலே சொன்ன சீனிப் படலம், அல்லது சரியாக உறையாமல் மேலே வந்த கொழுப்பு. விரலால் தேய்த்தால் வழுக்கி உருகுவது கொழுப்பு, சொரசொரப்பது சீனி. இரண்டும் அழகைக் கெடுக்கும், உடம்பைக் கெடுக்காது. ஆனால் பழம் தெரிகிற பக்கத்தில் பஞ்சுபோல முளைத்தால் அது பூஞ்சணமேதான். பச்சைச் சுளையில் தோய்த்ததை அன்றே சாப்பிட்டு முடிப்பது நல்லது. பாகில் வெந்து உலர்ந்த தோல்தான் சில வாரம் தாங்கும்.

நம்பிக்கை 8: மழைக்காலத்தில் தோடம்பழம் தின்றால் சளி பிடிக்கும். (எதிர்க்கட்சி: தோடம்பழம் தின்றால் சளியே வராது.)

உண்மை: இரண்டும் இல்லை. சளி வைரசால் வருகிறது, பழத்தின் குளிர்ச்சியால் அல்ல. எதிர்க்கட்சிக்குப் பெரிய வழக்கறிஞர் இரண்டு நொபெல் பரிசு பெற்ற லைனஸ் போலிங். விற்றமின் சி சளியைத் தடுக்கும் என்று 1970இல் அவர் ஒரு நூலே எழுதினார். பின்னர் 11,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 29 பரிசோதனைகளைத் தொகுத்து 2013இல் கொக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வமைப்பு அறிக்கை வெளியிட்டது. தினமும் விற்றமின் சி எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி வருவது குறையவில்லை. வந்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 வீதமும் பிள்ளைகளுக்கு 14 வீதமும் சீக்கிரம் தீர்ந்தது. மரதன் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் படையினர் போன்றோருக்கு மட்டும் சளி வருவதே பாதியாகக் குறைந்தது. தோடம்பழத்தை ருசிக்காகச் சாப்பிடுங்கள், அது போதுமான காரணம்.

நம்பிக்கை 9: கறுப்பு சொக்லேட்டில் சீனி இல்லை, நீரிழிவுக்காரருக்கு நல்லது.

உண்மை: உறையில் 70 வீதம் என்றிருந்தால் அது கொக்கோவின் பங்கு. மிச்சம் 30 வீதத்தில் பெரும்பகுதி சீனிதான். பாகில் ஊறிய தோலை அதில் தோய்த்தால் கணக்கு இன்னும் ஏறும். நீரிழிவு உள்ளவர் சுளையில் தோய்த்ததில் ஒன்றிரண்டோடு நிறுத்துவதே புத்தி. இனிப்பைக் குறைத்துச் சுவையைக் கூட்ட வேண்டுமானால், சொக்லேட் உறையும் முன் பாலாவி உப்பளத்து உப்பில் இரண்டு கல் தூவுங்கள். உப்பு கசப்பை அடக்கும்.

நம்பிக்கை 10: 'ஈ 322' என்றிருந்தால் பன்றிக் கொழுப்பு.

உண்மை: அந்த எண் லெசித்தினைக் குறிக்கிறது. சொக்லேட்டை இளக்கமாக ஓடவைக்கச் சேர்ப்பது. பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுக்கிறார்கள். எண்ணை மட்டும் பார்த்து மூலத்தை முடிவு செய்ய முடியாது, ஹலால் சான்றைப் பார்ப்பதே வழி. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் கவனிக்க வேண்டியது, உள்ளே மது நிரப்பிய வகைகளைத்தான். அந்தப் பெட்டிகளோடு வரும் தோடம்பழ வடிவச் சொக்லேட் உருண்டையை இங்கிலாந்தின் யோர்க் நகரில் டெரிஸ் நிறுவனம் 1932 முதல் செய்தது. அதில் பழச் சுளை கிடையாது, தோடம்பழ எண்ணெயின் வாசம்தான். நம் வீட்டில் தோய்த்தெடுப்பதில் உண்மையான பழமே இருக்கிறது.

நம்பிக்கை 11: மாத்திரை குடிப்பவர் புளிப்புப் பழம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

உண்மை: இது ஓரளவு உண்மையேதான். சாதாரண இனிப்புத் தோடம்பழத்துக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆனால் கிரேப்ஃபுரூட்டும் அதன் உறவான பம்ளிமாஸும், சில மருந்துகளை உடைக்கும் நொதியத்தைக் குடலில் முடக்கிவிடும். மருந்து உடையாமல் இரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டடின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. பம்ளிமாஸ் சுளை பெரிதாக, சாறு கசியாமல், தோய்ப்பதற்கு வாகாக இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். வாப்பாவுக்குக் கொடுக்கும் முன், அவர் குடிக்கும் மாத்திரையின் பெயரை மருந்தகத்தில் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.