இனிப்பு கடைசியில்தான்! – சால்மன் மீன் பக்குவம் கற்போம்



நம் குழுக்களில் வீட்டுச் சமையல் வேலைக்கும், கேட்டரிங் வேலைக்கும் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். "மீன் குழம்புன்னா கண்ணை மூடிக்கிட்டு வெப்போம். சால்மன் மீனைக் கையில குடுத்து, இனிப்பும் உப்புமா பளபளன்னு வறுத்துக் குடுங்கன்னா பயமா இருக்கு" என்று சிலர் சொன்னார்கள். பயம் நியாயமானதுதான். நம் ஊர் மீனை விடப் பல மடங்கு விலை உள்ள மீன் அது. கருகிப் போனால் பேச்சு வாங்குவது சமைத்தவர்தானே! ஆனால் அதே மீனை நன்றாகச் செய்யத் தெரிந்தவருக்குக் கூடுதல் சம்பளம் கேட்கும் தைரியம் வரும். அதனால்தான் இந்தப் பாடம்.

சால்மன் எப்படிப்பட்ட மீன்?

இது குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஆற்றுக்கே திரும்பும். கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி நார்வே, சிலி போன்ற நாடுகளில் கடலில் கூண்டு கட்டி வளர்த்தது. சதை ஆரஞ்சு நிறமாக இருக்கும். ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். "இந்தியன் சால்மன்" என்று விற்பது நம் காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் சால்மன் இனம் இல்லை. சதையும் ஆரஞ்சாக இருக்காது. வாங்கி வரச் சொன்னால் எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பளபளப்பு எங்கிருந்து வந்தது?

இது ஜப்பான் நாட்டுப் பக்குவம். பெயர் தெரியாக்கி. "தெரி" என்றால் பளபளப்பு, "யாக்கி" என்றால் சுடுவது. அங்கே சோயா சாஸ், சர்க்கரை, அரிசியிலிருந்து எடுக்கும் மது, மிரின் என்ற இனிப்பு மது ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவார்கள். இந்தப் பூச்சைத்தான் கிளேஸ் என்கிறார்கள். மதுவுக்குப் பதில் நாம் வெல்லமும் எலுமிச்சையும் வைத்துச் செய்வோம். சுவை கொஞ்சம் மாறும், பளபளப்பு மாறாது.

ஏன் கருகுகிறது?

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். இனிப்பு, மீன் வேகும் முன்பே கருகிவிடும். முதலிலேயே பூசி வறுத்தால் வெளியே கருப்பு, உள்ளே பச்சை. ஆகவே மீன் முதலில், இனிப்பு கடைசியில். இதுதான் பாடத்தின் உயிர்.

தேவையானவை (4 பேருக்கு)

தோலுடன் சால்மன் துண்டு 4 (ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம்), சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, பொடித்த வெல்லம் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 2 பல், மிளகுத்தூள் அரை தேக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி. உப்பு தனியாக வேண்டாம்.

செய்முறை

1. உறைந்த மீனை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெந்நீரில் போடாதீர்கள். இளகியதும் விரலால் தடவிப் பார்த்து முள் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

2. வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டுங்கள். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்துச் சிறு தீயில் 4, 5 நிமிஷம் காய்ச்சுங்கள். கரண்டியின் பின்பக்கம் ஒட்டி, விரலால் கோடு போட்டால் கோடு நிற்க வேண்டும். கம்பிப்பதம் வரை விடாதீர்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும். இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள்.

3. மீனை ஈரமில்லாமல் துணியால் ஒற்றுங்கள். ஈரம் இருந்தால் தோல் கல்லில் ஒட்டும்.

4. தவாவை நன்றாகக் காயவைத்து எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மிதமான தீயில் 5, 6 நிமிஷம். புரட்டிப் புரட்டிப் போட வேண்டாம். சதையின் நிறம் கீழிருந்து மேலாக வெளிறிக்கொண்டே வரும். முக்கால் பாகம் வெளிறியதும் ஒரே தடவை திருப்பி 2 நிமிஷம் விடுங்கள்.

5. இப்போது தீயைக் குறைத்து, காய்ச்சிய கிளேஸை ஊற்றி, கரண்டியால் மேலே மேலே அள்ளி விடுங்கள். ஒரு நிமிஷம் போதும்.

முள்கரண்டியால் குத்தினால் சதை இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்தது என்று அர்த்தம். வேலை செய்யும் வீட்டில் சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மேலே வெள்ளையாகத் திரண்டு வந்தால் மீன் கெட்டது என்று நினைக்காதீர்கள். அது மீனின் புரதம்தான். தீ அதிகமானால் நிறைய வரும்.

கவனத்துக்கு

சோயா சாஸில் உப்பு அதிகம். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. மேலே சொன்ன அளவில் கிளேஸ் முழுவதையும் 4 பேர் பங்கிட்டுச் சாப்பிட்டால், ஒருவருக்கு ஒன்றரை கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடச் சொல்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கிளேஸைக் குறைத்து வையுங்கள். வெல்லம் என்பதால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணமும் தவறு.

பச்சை மீன் ஊறிய சாஸை அப்படியே மேலே ஊற்றக் கூடாது. கிளேஸைத் தனியாக எடுத்து வைப்பதே பாதுகாப்பு.

எந்த மீனில் பழகுவது?

கை பழகச் சால்மன் தேவையில்லை. ஜப்பானிலேயே 'புரி' என்ற வேறு மீனில்தான் இது பேர்போனது. நாம் கானாங்கெளுத்தியில், அதாவது அயிலையில், பழகலாம். அதிலும் ஒமேகா-3 இருக்கிறது, விலையும் குறைவு. இரண்டு பக்கமும் லேசாகக் கீறி, பக்கத்துக்கு 4 நிமிஷம் வறுத்து, அப்புறம் கிளேஸ். இரண்டு முறை பாகுபதம் சரியாக வந்துவிட்டால் சால்மனைத் தைரியமாக எடுக்கலாம். காலாவில் கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெய் ஒரு கரண்டி கூட வேண்டும்.

பழகும்போது இன்னொன்றும் செய்யுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. துண்டு போடும்போதே தலையை எண்ணுங்கள்; அந்த எண்ணிக்கையில் நீங்களும் ஒருத்தி. சுவை பார்க்காதவர் எப்படிச் சமையலில் தேற முடியும்?

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. இனிப்பை ஏன் கடைசியில் சேர்க்கிறோம்? மற்றவருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.
2. சமையல் வேலைக்குப் போகும் உறுப்பினர்கள், புதுச் சமையல் கற்றபின் சம்பளம் பற்றி எப்படிப் பேசலாம்?
3. நேற்று உங்கள் வீட்டில் மீன் வாங்கியிருந்தால், உங்கள் தட்டுக்கு எத்தனை துண்டு வந்தது?