மரவள்ளி நஞ்சை அளக்கும் மின்முனை

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியின் அறுவடைக் காலத்தில், பச்சை இலையையோ உரித்த தோலையோ தின்ற ஆடு மாடுகள் மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி விழுவதுண்டு. ராசிபுரம், ஆத்தூர் பகுதி விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தீவனத்தில் நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கொட்டடியிலேயே அளந்து பார்க்க முடிந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

மரவள்ளியில் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. அதே செடியின் செல்சுவரில் லினமரேஸ் என்ற என்சைம், அதாவது நொதி, தனியே இருக்கிறது. இலை கசங்கும்போதும் தோல் நறுக்கப்படும்போதும் இரண்டும் கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்ற கடும் நஞ்சு வெளிப்படுகிறது. இது சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். நறுக்கி வெயிலில் காயவைத்தால் நஞ்சு குறைவது இதனால்தான். கசப்பு ரகக் கிழங்கை அப்படியே கொதிநீரில் போட்டால் என்சைம் முதலில் அழிந்துவிடும். லினமாரின் உள்ளேயே தங்கிவிடும்.

நஞ்சைக் கிளப்பும் இந்த என்சைமே அதை அளக்கவும் உதவுகிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் பிராட்பரியும் அவரது குழுவினரும் 1990களில் ஓர் எளிய சோதனையை உருவாக்கினர். என்சைம் ஏற்றிய காகிதத்துடன் சிட்டிகை மாவையும் சிறிது நீரையும் சிறு புட்டியில் இட்டு, மஞ்சள் நிறப் பிக்ரேட் தாளை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். மறுநாள் தாள் எவ்வளவு பழுப்பேறியிருக்கிறது என்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். மனிதர் உண்ணும் மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு கூடாது என்பது உலக அளவில் வகுக்கப்பட்ட வரம்பு.

மறுநாள் வரை காத்திராமல் அறிய வழி மின்முனை. சர்க்கரை நோயாளிகள் விரலில் குத்திப் பார்க்கும் பட்டை இதே வகைதான். அதற்கு அடிப்படையான என்சைம் மின்முனைக் கருத்தை 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற இரு அமெரிக்கர் வெளியிட்டனர். லினமரேஸைக் கொண்டு சயனைடை அளக்கும் உணரிகளும் ஆய்வுக்கூடங்களில் செய்து பார்க்கப்பட்டுள்ளன.

இடையூறு என்சைமிலேயே இருக்கிறது. வெப்பத்தில் அது கெடும். மாவுப்பால் போன்ற கலங்கல் மின்முனையின் மேல் படிந்து அடைத்துவிடும். பட்டையானால் ஒரு முறையோடு எறிந்துவிட வேண்டும். சிறு விவசாயிக்கு இது கட்டுபடியாகாது. ஆகவே மேற்பரப்பைப் புதுப்பிக்கக்கூடிய மின்முனைகளை விஞ்ஞானிகள் நாடினர். பென்சிலில் உள்ள கிராஃபைட்டின் தூளை எண்ணெயில் பிசைந்து, அந்தப் பசையைக் குழாயில் அடைத்தால் அதுவே மின்முனை. 1958இல் ரால்ஃப் ஆடம்ஸ் இதைத் தந்தார். பசையோடு என்சைமையும் சேர்த்துப் பிசைந்துவிட்டால், முனை தேய்ந்ததும் சிறிது வெளியே தள்ளி, காகிதத்தில் துடைத்தால் போதும். அடியிலிருக்கும் புதுப் பசை, புது என்சைமோடு மேலே வந்துவிடும். 1988இல் ஜோசப் வாங் பிரித்தெடுத்த என்சைமுக்குப் பதிலாக வாழைப்பழச் சதையையே பசையில் கலந்து, மின்முனை வேலை செய்வதைக் காட்டினார். விலை உயர்ந்த என்சைமுக்குப் பழமே மாற்றானது வியப்புதான்! லினமரேஸ் மரவள்ளி இலையிலேயே கிடைக்கிறது என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

மரவள்ளிக்கு இத்தகைய கருவி இன்னும் சாதாரணக் கடைச் சரக்காகவில்லை. அதுவரை தோலையும் இலையையும் பொடியாக நறுக்கி, மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே, மற்றத் தீவனத்தோடு சிறிதளவாகக் கலந்து கொடுக்க வேண்டும். வறட்சியில் வாடிய செடியில் நஞ்சு கூடுதலாக இருக்கும். சேகோ ஆலைக் கழிவு நீரைக் கால்நடைகள் குடிக்க விடக் கூடாது. நஞ்சு ஏறியதாகத் தோன்றினால், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசி வழியாகக் கொடுப்பதே இதற்குரிய சிகிச்சை.