மூன்று கம்பும் ஒரு டியூப் துண்டும்

கேள்வி: ஆப்பிரிக்க வேட்டைப் படங்களில் துப்பாக்கியை மூன்று கம்புகளின் மேல் வைத்துக் குறிபார்க்கிறார்களே, அது கடையில் வாங்குவதா, கையால் செய்வதா?

பதில்: இரண்டும் உண்டு. கடையில் மடக்குகிற அலுமினியக் கால்கள் கிடைக்கும். கையால் செய்வதும் சுலபம்தான். ஆள் உயரத்துக்கு மூன்று நேரான கம்புகளை எடுத்து, உச்சியிலிருந்து ஒரு சாண் கீழே பழைய டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்ட வேண்டும். விரித்தால் மேலே கவட்டை, கீழே முக்காலி. கவட்டையில் தோலைச் சுற்றிவிட்டால் உரசும் சத்தம் மானுக்குக் கேட்காது.

புல் உயர்ந்த வெளியில் படுத்துச் சுட முடியாது. நின்றால் மூச்சும் நாடித்துடிப்பும் குழலை ஆட்டும். தோளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் குழல்முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடி அல்லாடும்.

1870-களில் அமெரிக்கக் காட்டெருமை வேட்டைக்காரர்கள் இரண்டே குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, உட்கார்ந்து சுட்டார்கள். இரண்டு கால் முன்னும் பின்னும் சாயும். மூன்று கால் மேடுபள்ளத்திலும் ஆடாது. ஒன்று முக்கியம்: கவட்டையில் குழல் படக்கூடாது, அதன் அடியிலுள்ள கட்டைதான் படவேண்டும். சுடும்போது குழல் அதிரும். எதிலாவது முட்டினால் குறி மாறும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) உள்ள நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. நீங்கள் கட்டினால், அந்தக் கவட்டையில் கேமராவை வையுங்கள். நீள லென்ஸுக்கும் அதே நடுக்கம், அதே மருந்து.