வெள்ளத்தில் உதவப் போகும் பிள்ளையைப் பெற்றவளுக்கு

தங்கச்சிகளா, நம்ம தென்காசிப் பக்கம் வருஷத்துக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சாரல் வந்தால் ஊருக்கே கொண்டாட்டம். அடைமழை வந்தால் இப்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. வீட்டில் தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம். டிவியில் வெள்ளத்தைக் காட்டிய அரை மணி நேரத்தில், "எம்மா, நாங்க நாலு பேரு போறோம்"னு சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பான். போகாதே என்று சொல்ல வாய் வராது. போய் வா என்று சொல்ல மனசு வராது. அந்த நேரத்தில் பெற்றவள் என்னென்ன செய்யணும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் என் மகன் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய் வேலை பார்த்துவிட்டு வந்தவன்.

மார்கழி பிறந்த கையோடு வந்த மழை அது. டிசம்பர் 17, 18 இரண்டே நாளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நான்கு மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ரயிலை விடாமல் நிறுத்திய நிலைய அதிகாரி ஜாபர் அலியை நம்ம ஜனங்கள் இன்றைக்கும் நன்றியோடு சொல்வார்கள். சுற்றிலும் தண்ணீர். வெளியிலிருந்து யாரும் போய்ச் சேர முடியாத அந்த நேரத்தில், பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள் சோறு பொங்கி ரயிலில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். 19ஆம் தேதி பயணிகள் வாஞ்சி மணியாச்சி போய்ச் சேர்ந்து, அங்கிருந்து தனி ரயிலில் சென்னை போனார்கள்.

உதவி என்றதும் நம் பிள்ளைகள் மனசில் ஓடுவது சினிமா. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதிப்பது. புதுக்குடியில் ஜனங்களைக் காப்பாற்றியது அண்டாவும் அடுப்பும் என்று முதலில் உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன்

"போகாதே" என்று மட்டும் சொன்னால், சொல்லாமல் போவான். அதனால் கேள்வி கேளுங்கள். எந்த ஊருக்கு? யார் கூப்பிட்டார்கள்? அங்கே யாரிடம் போய் நிற்பாய்? வண்டி யாருடையது, ஓட்டுவது யார்? எப்போது திரும்புவாய்? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அனுப்பலாம். "போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் அரை நாள் நிறுத்தி வையுங்கள். ஆள் தெரியாமல் போய் நிற்கிறவனுக்கும் அங்கே ஒரு வேளைச் சோறு போட வேண்டியிருக்கும். அது உதவி ஆகாது. என் மகனும் அவன் கூட்டாளிகளும், தண்ணீர் வடியத் தொடங்கி ரோடு திறந்த பிறகுதான் குட்டியானையில் சாமான் ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் வழியாகப் போனார்கள். முதல் நாள் போக முடியவில்லையே என்று தவித்தான். அந்த முதல் நாள் அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் தீயணைப்புத் துறைக்கும் உரிய நாள். நம் பிள்ளைகளுக்கு வேலை அதற்குப் பிறகு மலைபோலக் கிடக்கிறது. சேறு அள்ளணும், கிணறு இறைக்கணும், வயசானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும்.

பையில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். மாற்று உடுப்பு, டார்ச், பவர் பேங்க், போனுக்கு ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கால் மூடிய செருப்பு, ரப்பர் கையுறை. ஒரு தாளில் அவன் பெயர், ரத்த வகை, வீட்டு நம்பர் எழுதி உள்ளே வையுங்கள். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போடச் சொல்லுங்கள். வெள்ளத் தண்ணீரில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்பது உண்டு. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போடணும், மெடிக்கலில் தானாக வாங்கிப் போடக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

அருவிக்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது. அதுதான் எனக்குப் பயம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் என்ன நடந்தது? ஜனங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போதே காட்டாற்று வெள்ளம் திடீரென்று இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. கீழே வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்தால் தண்ணீர் நிமிஷத்தில் வந்துவிடும். வருமுன் அடையாளம் காட்டும். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கனக்கும். பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விடாது என்று நம்ம ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேற்றூரில் ஆர்ச்சும் கிடையாது, விசில் அடிக்கப் போலீஸும் இருக்காது. அதனால் கணக்கைச் சொல்லி அனுப்புங்கள்: வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும், இரண்டடி இருந்தால் காரையே இழுத்துப் போய்விடும். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனால் வண்டியைத் திருப்பணும், பேச்சே இல்லை. 2018-ல் கேரள வெள்ளத்தில் வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்களை இறக்கியவர்கள் லாரியில் படகோடு வந்த மீனவர்கள். அலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நம்ம பிள்ளை ஐந்தருவியில் குளித்தவன், அவ்வளவுதான். யாராவது தண்ணீரில் போவதைப் பார்த்தால் கயிறோ, மூடிய காலிக் குடமோ, நீளக் கம்போ கரையில் நின்றபடி எறியச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கரண்டு கம்பி பக்கம் போகவே கூடாது; மின்னகத்துக்கு 94987 94987 நம்பரில் சொன்னால் போதும்.

வண்டியில் என்ன ஏற்றி அனுப்புவது

இதில் நமக்குத்தான் வேலை அதிகம், நமக்குத்தான் விவரமும் அதிகம். சாப்பாட்டுப் பொட்டலம் என்றால் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, நன்றாக ஆறவிட்டுத்தான் கட்டணும். சூட்டோடு கட்டினால் இலை வியர்த்து, நாலு மணி நேரத்தில் நூல் விட்டுவிடும். தேங்காய் அரைத்துவிட்டதும் தயிர்சாதமும் வழியிலேயே புளித்துப் போகும். சட்னி ஆகவே ஆகாது, ஊறுகாய் வையுங்கள். பொட்டலத்தின் மேலே கட்டிய நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள். வாங்குகிறவர் எப்போது செய்தது என்று தெரிந்து பயமில்லாமல் சாப்பிடணும் இல்லையா?

இரண்டாம் நாளிலிருந்து எல்லோரும் சோற்றுப் பொட்டலமே கொண்டு போவார்கள், பாதி தெருவில் கிடக்கும். அப்போது அவல், பொரிகடலை, வெல்லம், ரொட்டி அனுப்புங்கள். அடுப்பு இல்லாத வீட்டிலும் அவலை நல்ல தண்ணீரில் நனைத்துத் தின்றுவிடலாம். கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் பால் பவுடர் வேண்டாம். சுடுதண்ணீருக்கு அந்தத் தாய் எங்கே போவாள்? கிடைக்கிற தண்ணீரில் கரைத்தால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கென்றால், பிரிக்கும்வரை கெடாத அட்டைப்பெட்டிப் பால் அதைவிட நல்லது. மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, பிளீச்சிங் பவுடர், துடைப்பம், வாளி இதெல்லாம் மூன்றாம் நாள் தங்கம்.

பழைய துணி மட்டும் வேண்டவே வேண்டாம். பீரோவைக் காலி பண்ண இதுவா நேரம்? கிழிந்த சேலையும் பட்டன் போன சட்டையும் ரோட்டோரம் குவிந்து, மழையில் நனைந்து நாறும். கொடுத்தால் புதுசு கொடுங்கள். நைட்டி, பாவாடை, உள்ளாடை, துண்டு, போர்வை.

நாப்கினை மறந்துவிடாதீர்கள். என் மகன் வந்து சொன்னது ஒன்று மனசை விட்டுப் போகவில்லை. பொட்டலம் எல்லாம் கொடுத்து முடித்துக் கிளம்பும்போது ஒரு அம்மா வண்டியருகே வந்து நின்றாராம். வாங்க ஒன்றும் கை நீட்டவில்லை. "தம்பி, உங்ககூட அக்கா யாரும் வரலையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். பையன்கள் நாலு பேருக்கும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியிருக்கிறது. அடுத்த தடவை போனபோது நாப்கின் பெட்டியோடு, கூட்டாளி ஒருவனின் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மகளையும் அனுப்புங்கள்

மகன் போனால் பெருமை, மகள் போனால் "உனக்கெதுக்கு?" என்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2024 ஜூலை 30 வயநாட்டில் நிலச்சரிவு. சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடிபட்டுக் கிடந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்க, கம்பிக் கயிற்றில் தொங்கியபடி முதலுதவிப் பெட்டியோடு போனவர் நம்ம நீலகிரி மாவட்டம் கூடலூர் செவிலியர் சபீனா. 35-க்கும் மேற்பட்டவர்களுக்கு முதலுதவி செய்திருக்கிறார். அந்த ஆகஸ்ட் 15 அன்றே தமிழ்நாடு அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர் கையில் நர்சிங் படிப்பு இருந்தது, அதனால் அங்கே பயன்பட்டார். உங்கள் மகளிடம் என்ன கைத்தொழில் இருக்கிறது என்று பாருங்கள். நர்சிங், கணக்கு எழுதுவது, வண்டி ஓட்டுவது, பத்துப் பேரை வேலை வாங்குவது எதுவானாலும் முகாமில் அதற்கு இடம் உண்டு.

பிள்ளை அங்கே இருக்கும்போது

நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணாதீர்கள். வெள்ள இடத்தில் கரண்டும் கிடையாது, டவரும் சரியாக இருக்காது. நம் போனாலேயே அவன் சார்ஜ் தீர்ந்துபோகும். ராத்திரி ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாவிட்டால் ஒரு வரி எஸ்.எம்.எஸ். அனுப்பச் சொல்லுங்கள், பேச லைன் கிடைக்காத இடத்திலும் அது போய்ச் சேர்ந்துவிடும். கூடப் போன பிள்ளைகளின் அம்மாக்கள் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஒருவனிடமிருந்து செய்தி வந்தால் நாலு வீட்டுக்கும் நிம்மதி. உலகம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு நம் வேலையைப் பார்க்கணும்.

இன்னொன்று: போட்டோ. நம்ம பிள்ளை பொட்டலம் கொடுக்கிற படத்தை ஸ்டேட்டஸில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். கை நீட்டி வாங்குகிறவளும் நேற்றுவரை நாலு பேருக்குச் சோறு போட்டவள். அவள் முகம் தெரிகிற படத்தை எடுக்கவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

வந்த பிறகு

என் மகன் வாசலில் வந்து நின்றபோது கால் விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, தோல் பிரிந்திருந்தது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்து, காயவிட்டு, வெட்டுக் காயத்துக்கெல்லாம் மருந்து போட்டோம். இதை முதலில் செய்யுங்கள். திருஷ்டி சுத்திப் போடுவது பிறகு. அடுத்த இரண்டு, மூன்று வாரம் கவனமாகப் பாருங்கள். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் என்று விடக் கூடாது. டாக்டரிடம் போய், வெள்ளத் தண்ணீரில் நின்றவன் என்று வாய்விட்டுச் சொல்லணும். அந்த ஒரு வார்த்தையில் எலிக்காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உடனே கதை கேட்காதீர்கள். சிலது சொல்ல வராது அவர்களுக்கு. தூங்கட்டும். சொந்தக்காரர்களை வரிசையாகக் கூப்பிட்டு, "என்ன பார்த்தே, சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். சில நாள் கழித்துச் சோறு போடும்போது தானாகப் பேசுவான். அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். ராத்திரித் தூக்கம் கெட்டு, முகம் வாடியே இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பெருமைப்படுவதைப் பற்றியும் சொல்லணும். நம் வீட்டு ஆண்கள் பிள்ளையை நேரில் பாராட்ட மாட்டார்கள், கண் பட்டுவிடும் என்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். மகன் வந்த அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால், கொல்லைக் குழாயடியில் குத்தவைத்து, அவன் செருப்பில் அப்பியிருந்த சேற்றைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பிள்ளை செருப்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மகன் அதை ஜன்னல் வழியே பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் தங்கச்சிகளா, எல்லாப் பிள்ளைக்கும் அப்படிப் புரியும் என்று விட்டுவிடாதீர்கள். "நீ செஞ்சது நல்ல காரியம்ல, எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்கள். போகும்போதே சொல்லுங்கள், திரும்பி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அம்மா பெருமையாக அனுப்பினாள் என்று தெரிந்தவன், அவளுக்கு நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஆழத்தில் இறங்க மாட்டான். பத்திரமாகத் திரும்பி வருவதும் அவன் செய்கிற உதவியில் சேர்த்திதான் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள். வீட்டில் இருந்துவிட்ட அடுத்த பிள்ளையை இவனோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அரிசி மூட்டை தூக்கி ஏற்றிவிட்டவன் அவன்.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 2019 நவம்பர் 22-லிருந்து தென்காசி தனி மாவட்டம். கலெக்டர் ஆபீஸுக்குத் திருநெல்வேலி பஸ் ஏற வேண்டியதில்லை. அங்கே பேரிடர் மேலாண்மைப் பிரிவில் போய், ஆப்த மித்ரா மாதிரிப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். 18 முதல் 40 வயதுக்காரர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்து மீட்பு வேலைக்குத் தயார் செய்கிற மத்திய அரசுத் திட்டம் அது. தீயணைப்பு நிலையத்திலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் முதலுதவி சொல்லித் தருவது எப்போது என்று விசாரியுங்கள். போனில் டி.என். அலர்ட் செயலியை ஏற்றி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108 என்று எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். உங்கள் பிள்ளை எப்படியும் போகத்தான் போகிறான். ஐப்பசி பிறப்பதற்குள் அவனுக்கு அந்தப் பயிற்சியை வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.