காணொளி உண்மையா? உண்மை என்றால் பரப்பலாமா?

 

ஒரு ஹஜ்ரத்தோ, வேறு சமயத்தின் குருவோ பொது இடத்தில் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வருகிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டு நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிடுகிறோம். அது ஒரு மனிதரின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் விஷயமும்கூட. எனவே இம்மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொள்கிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

நம்பகமற்ற ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரிக்கும்படி அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) கட்டளையிடுகிறது. இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்டவர் வழியிலேயே திரும்பிவந்து, அவர்கள் தர மறுத்ததாகச் சொன்ன நிகழ்ச்சியைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் இந்த வசனத்தின் பின்னணியாக எழுதுகின்றனர். விசாரித்தபோது அந்தச் செய்தி தவறு என்று தெரியவந்தது.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்தக் கட்டளையை ஒரு முறையாகவே வகுத்தார்கள். செய்தியை மட்டும் பார்க்காமல், யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, இடையில் ஒருவர் விடுபட்டிருக்கிறாரா என்று தேடினார்கள். சங்கிலி அறுந்த செய்தியை ஆதாரமாக ஏற்கத் தயங்கினார்கள். 'பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்ற குறிப்போடு வரும் காணொளிக்கு அறிவிப்பாளரே கிடையாது. எடுத்தவர் யார், எங்கே, எப்போது என்று அனுப்பியவருக்கே தெரியாது.

இரண்டு நிகழ்ச்சிகள்

2023 ஏப்ரலில் தலாய் லாமாவின் காணொளி ஒன்று உலகெங்கும் பரவியது. ஒரு சிறுவனின் உதட்டில் அவர் முத்தமிட்டதும், நாக்கை நீட்டி அதைச் சுவைக்கும்படி ஆங்கிலத்தில் சொன்னதும் அதில் இருந்தன. இது போலிக் காணொளி அல்ல. ஆனால் 'இப்போது நடந்தது' என்று பலர் எண்ணிய அந்த நிகழ்ச்சி, தர்மசாலாவில் பிப்ரவரி 28 அன்று மக்கள் முன்னிலையில் நடந்தது. பரவியதோ அதிலிருந்து வெட்டி எடுத்த சிறு துண்டு. ஏப்ரல் 10 அன்று அவருடைய அலுவலகம் சிறுவனிடமும் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டது. முதியவர்கள் குழந்தைகளிடம் 'என் நாக்கைத் தின்னு' என்று விளையாட்டாகச் சொல்வது தங்கள் வழக்கம் எனத் திபெத்தியர்கள் விளக்கினார்கள். நடவடிக்கை கோரிய பொதுநல மனுவை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தள்ளுபடி செய்தது. வழக்கம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. குழந்தையின் பாதுகாப்பை எண்ணிக் கவலைப்பட்டவர்களின் கவலையும் நியாயமானதே. ஆனால் இத்தனை விவரங்களில் ஒன்றுகூட அந்தச் சிறு துண்டில் இல்லை. அதைப் பரப்பியவர்கள் அந்தச் சிறுவனின் முகத்தையும் சேர்த்தே பரப்பினார்கள்.

2021 நவம்பரில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலிருந்து ஒரு காணொளி பரவியது. எட்டிக்குளம் தர்கா உரூஸில் பெரியவர் ஒருவர் சோற்றின் மேல் ஓதி ஊதுகிறார். 'முஸ்லிம்கள் உணவில் துப்புகிறார்கள்' என்ற குறிப்போடு அதைப் பரப்பினார்கள். காட்சி உண்மை, குறிப்பு பொய். உரூஸ் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு விஷயம். அந்தப் பெரியவர் துப்பவில்லை என்பதே இங்கு சாட்சியம்.

இரண்டாவது காணொளி வந்தபோது 'முழுவதையும் பாருங்கள், எங்கள் வழக்கத்தைக் கேளுங்கள்' என்று நாம் சொன்னோம். முதலாவதற்கும் அதே நியாயம் பொருந்த வேண்டாமா? ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யக் கூடாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் (5:8) கட்டளை. தராசு ஒன்றுதான்.

அனுப்பும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. முதலில் வெளியிட்டவர் யார்? காணொளியின் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் தேடினால், பழைய காணொளி பல நேரங்களில் அகப்பட்டுவிடும்.
2. எங்கே, எப்போது நடந்தது? பெயர்ப்பலகை, மொழி, உடை, வண்டி எண் ஆகியவற்றைக் கவனியுங்கள்.
3. முழுக் காணொளி உண்டா? முன்னும் பின்னும் என்ன நடந்தது?
4. குரலும் உதட்டசைவும் பொருந்துகின்றனவா? இன்று செயற்கை நுண்ணறிவால் ஒருவரின் முகத்தையும் குரலையும் உருவாக்க முடிகிறது. பொருந்தினாலும் அது மட்டுமே போதிய ஆதாரம் ஆகாது.
5. சம்பந்தப்பட்டவர் என்ன சொல்கிறார்? அந்த ஊர்க்காரர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்?

விடை கிடைக்காவிட்டால் காணொளி நம் கைபேசியோடு நிற்கட்டும். கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் பதிவாகியுள்ளது.

உண்மை என்று தெரிந்தால்?

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஒருவரைப் பற்றி அவர் வெறுப்பதைச் சொல்வது புறம் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். சொன்னது உண்மையாக இருந்தால் அது கீபத், இல்லாவிட்டால் அவதூறு. 'உண்மையைத்தானே அனுப்பினேன்' என்பது அல்லாஹ்விடம் பதிலாகாது.

அதற்காகத் தவறை மூடி மறைக்க வேண்டும் என்பதல்ல. அநீதிக்கு எதிராக முறையிடுவதற்கும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதற்கும், மக்களை எச்சரிப்பதற்கும் பேசலாம் என இமாம் நவவீ (ரஹ்) ரியாளுஸ் ஸாலிஹீனில் அனுமதிக்கப்பட்ட ஆறு காரணங்களில் குறிப்பிடுகிறார்கள். எனவே குற்றம் என்று தெரிந்தால் தடுக்கக்கூடியவரிடம் கொண்டுசெல்லுங்கள். பள்ளிவாசல் ஊழியரின் நடத்தை பற்றியது என்றால் ஜமாஅத் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். குழந்தைக்குத் தீங்கு என்றால் தாமதம் வேண்டாம். செய்தவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். ஜமாஅத்தின் பெயர் கெட்டுவிடும் என்று இதை அமுக்குவதும் அநீதியே. காணொளியைக் குழுக்களில் போடாதீர்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் ஊடகங்களில் வெளியாவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை செய்கிறது.

வீட்டில் பேசிப் பார்க்க

இந்த வாரம் வந்த ஒரு காணொளியை எடுத்து, பிள்ளைகளோடு அமர்ந்து மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கைபேசியை நம்மைவிட நன்றாகக் கையாளும் அவர்களே தேடித் தரட்டும். செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றும் விசாரிக்கப்படும் என்ற வசனத்தையும் (17:36) அவர்களுக்கு ஓதிக் காட்டுங்கள்.

பிறர் மானத்தைக் காக்கும் மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.