நீக்கியதும் நிரப்பியதும்

சிரஞ்சீவி கல்யாணிக்கு,

விடுதிச் சாப்பாட்டில் எண்ணெய் மிதக்கிறதென்றும், அதற்குப் பரிகாரமாக, 'கொழுப்பு அற்றது' என்று உறையில் அச்சிட்ட பிஸ்கட்டுகளையும் சர்க்கரை சேராத பானங்களையும் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பற்றி உங்கள் அறையில் பெரிய தர்க்கமே நடக்கிறதென்றும் எழுதியிருந்தாய். சாதாரணப் பண்டத்தைவிட அவற்றின் விலை கூடுதலாயிருப்பதால் குணமும் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று உங்களில் ஒருத்தி வாதாடுவதைப் படித்துச் சிரித்தேன். சொந்தச் சம்பாத்தியத்தில் செலவழிக்கும் காலம் வந்தால் அந்தப் பெண் தன் வாதத்தைத் தானே திருத்திக்கொள்வாள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பதார்த்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டார்கள் என்பது பாதிச் செய்திதான். எடுத்த இடத்தில் எதை வைத்தார்கள் என்ற மறுபாதி தெரியாதவரையில், அதை உண்பதால் பிரயோஜனம் உண்டா இல்லையா என்று நிர்ணயிக்க வழியில்லை.

இந்த மோகம் வளர்ந்த இடம் அமெரிக்கா. 1955ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐஸனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, தேசமே தன் இருதயத்தைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கியிருந்த சமயத்தில், மின்னஸோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆன்ஸல் கீஸ் என்னும் விஞ்ஞானி, பல தேசத்து ஜனங்களின் ஆகாரத்தையும் அவர்களைப் பீடிக்கும் இருதய நோயையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, மாமிசத்திலும் வெண்ணெயிலும் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பின் மேல் குற்றம் சாட்டினார். குறிப்பிட்ட ஒரு வகைக் கொழுப்பின் மேல் விழுந்த அந்தக் குற்றம், வாய்க்கு வாய் பரவியபோது, கொழுப்பு முழுவதன் மேலும் படிந்துவிட்டது. 1977-இல் ஜார்ஜ் மக்கவர்ன் தலைமையிலிருந்த செனட் கமிட்டி, உண்ணும் கலோரியில் ஏறக்குறைய 40 சதவிகிதமாயிருந்த கொழுப்பின் பங்கை 30 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும் என்று யோசனை கூறிற்று. சர்க்கரையைக் குறைக்கும்படியும், பழம், காய்கறி, முழுத் தானியம் ஆகியவற்றை அதிகமாக உண்ணும்படியும் அதே அறிக்கை சொல்லியிருந்தது. ஆனால் உணவு வியாபாரிகளின் காதில் விழுந்தது கொழுப்பைப் பற்றிய வாக்கியம் மட்டுமே. கீரைக்கட்டை யார் விளம்பரம் செய்து லாபம் பார்ப்பார்கள்?

1992-இல் நபிஸ்கோ கம்பெனி 'ஸ்நாக்வெல்ஸ்' என்ற பெயரில் கொழுப்பில்லாத பிஸ்கட்டுகளைக் கடைக்கு அனுப்பியபோது, வைத்த அலமாரி உடனே காலியாகும் அளவுக்கு ஜனங்கள் அவற்றின் மேல் பாய்ந்தார்கள். கொழுப்பே இல்லாமல் பிஸ்கட்டு எப்படி மிருதுவாயிருக்கும் என்று நீ கேட்கலாம். முறுக்கு மாவில் உன் பெரியம்மா வெண்ணெய் போட்டுப் பிசைவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அது இல்லாவிட்டால் முறுக்கு பல்லை உடைக்கும். கோதுமை மாவிலும் கொழுப்பின் வேலை அத்தகையதே: மாவின் துகள்களைப் போர்த்தி, அதிலுள்ள பசைப்புரதம் ஒன்றோடொன்று பின்னி இறுகாதபடி காக்கிறது, அதன் பலனாகவே பிஸ்கட்டு வாயிலிட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது. அதை நீக்கினால், ஈரத்தைப் பிடித்துவைக்கவும் மிருதுத்தன்மையைக் காட்டவும் வேறொன்று வேண்டும். அந்த உத்தியோகத்துக்கு மிகச் சுலபமாகவும் மலிவாகவும் கிடைப்பவை சர்க்கரையும், சர்க்கரைப் பாகும், பதப்படுத்திய மாவுப்பொருளுமே. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்ற கணக்கு உண்மைதான். ஆயினும், கொழுப்பில்லை என்ற தைரியத்தில் இரண்டுக்குப் பதில் ஆறு பிஸ்கட்டு தின்பவர்களிடம் அந்தக் கணக்கு என்ன செய்யும்? அந்த நாட்டில் இந்த மனப்போக்குக்கே 'ஸ்நாக்வெல் விளைவு' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

இதைவிட விசித்திரமான கதை ஒன்று உண்டு. 'ப்ராக்டர் அண்டு காம்பிள்' கம்பெனியின் ரசாயனிகள், சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் ஆறு முதல் எட்டுக் கொழுப்பு அமிலங்களைக் கோத்து, 'ஓலெஸ்ட்ரா' என்னும் பொருளை உண்டாக்கினார்கள். நாக்குக்கு அது எண்ணெயே. வயிற்றுக்கோ அது ஒன்றுமே இல்லை. ஏனென்றால், கொழுப்பைச் சிதைக்கும் ஜீரண நீர்களால் அதைத் தொட முடியாது. உட்கொண்டது உட்கொண்டபடியே வெளியேறிவிடும். 1996-இல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு அனுமதி தந்தபோது, வயிற்றுப் பிடிப்பும் பேதியும் உண்டாகலாம் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவையாதலால், ஓலெஸ்ட்ரா போகிற போக்கில் அவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. போகும் வைட்டமின்களை ஈடுகட்ட, அதில் பொரித்த வறுவலிலேயே அவற்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று! இயற்கை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்ததைப் பிரித்துவிட்டு, பிறகு வேறு கையால் சேர்ப்பதில் மனிதனுக்குள்ள உற்சாகத்தை என்னவென்று சொல்வது! நம் வீட்டுக் கீரை மசியலில் இரண்டு கரண்டி எண்ணெயில் தாளித்துக் கொட்டுகிறார்களே, அந்த எண்ணெயின் துணையால்தான் கீரையிலுள்ள கரோட்டின் உடலில் நன்றாகச் சேர்கிறது.

சரி, கொழுப்பைக் குறைத்தவர்கள் நோயிலிருந்து தப்பினார்களா? அமெரிக்காவிலேயே, 50 முதல் 79 வயது வரையிலுள்ள 48,835 பெண்களைக் கொண்டு நடத்திய பெரிய பரிசோதனையொன்றின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. ஏறக்குறைய எட்டு வருஷ காலம் கொழுப்பைக் குறைத்து உண்ணும்படி போதிக்கப்பட்டவர்களுக்கும், வழக்கம்போல் உண்டவர்களுக்கும், இருதய நோயில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இதைப் படித்துவிட்டு நெய்க்கிண்ணத்தை அருகில் இழுத்துக்கொள்ளாதே. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாகக் கடலை, எள் முதலியவற்றின் எண்ணெயைக் கொண்டால் இருதயத்துக்கு நன்மையுண்டு என்பது வைத்திய சாஸ்திரிகளில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. மைதாவையும் சர்க்கரையையும் பதிலாகக் கொண்டவர்களுக்கு அந்த நன்மை கிட்டவில்லை.

கொழுப்பு நீக்கிய பொருள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பாலைப் பார். எருமைப் பாலின் கொழுப்பைக் குறைத்து, 'டோன்டு' பால் என்ற பெயரில் பம்பாயில் 1940களில் விநியோகிக்கத் தொடங்கியதற்கு, உடம்பு மெலியும் ஆசை காரணமன்று. கிடைத்த பாலோடு கொழுப்பெடுத்த பால்பொடியையும் நீரையும் சேர்த்து, அதிகமான குடும்பங்களுக்கு மலிவாகக் கொடுப்பதே நோக்கம். இன்று நீ வாங்கும் அந்தப் பாலில் 3 சதவிகிதமும், இருமடங்கு டோன்டு செய்ததில் ஒன்றரைச் சதவிகிதமும் கொழுப்பு உண்டு. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எங்கும் போய்விடவில்லை. எடுத்த கொழுப்புக்கு ஈடாகச் சர்க்கரையைக் கொட்டவும் இல்லை. வைத்தியர் குறைக்கச் சொன்னவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். அதிலேயே தோய்த்த தயிர், பழ வாசனையும் பாகும் சேர்ந்து சின்னக் கிண்ணத்தில் அடைபட்டு வரும்போது கதை மாறிவிடுகிறது.

சர்க்கரையில்லாத பானத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தினந்தோறும் சர்க்கரைப் பானம் குடிக்கிறவர்கள் அதற்கு மாறினால் அந்த மட்டில் லாபமே. தண்ணீரும் மோரும் குடிக்கிறவர்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்தும் உபாயமாகச் செயற்கை இனிப்புகளைக் கைக்கொள்ள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் ஆலோசனை கூறியிருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களை மட்டும் அந்த ஆலோசனையில் சேர்க்கவில்லை.

உறையின் முன்பக்கத்தில் எழுதியிருப்பதை நான் விளம்பரமாகவும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைச் சாட்சியமாகவும் கொள்வது வழக்கம். நம் நாட்டுச் சட்டப்படி, 100 கிராமில் அரைக் கிராமுக்கு மேல் கொழுப்பு இருந்தால் 'கொழுப்பு அற்றது' என்று போட முடியாது. அமெரிக்காவிலோ, ஒரு வேளைக்குரிய பங்கில் அரைக் கிராமுக்குக் குறைவாயிருந்தாலே போதும். ஆகவே, முழுக்க முழுக்க எண்ணெயேயான தெளிப்பானை, ஒரு தெளிப்பு என்பது கால் கிராம் என்று கணக்கு வைத்து, கொழுப்பு பூஜ்யம் என்று அச்சிட்டு விற்கிறார்கள். நம் ஊர்க் கடலையெண்ணெய்ப் புட்டியில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று பெருமையடிப்பதும் இதற்குச் சளைத்ததன்று. தாவர எண்ணெயில் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் என்றைக்கு இருந்தது? சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்த பொருள் முதலில் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள். மைதாவுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரையும், சற்றுத் தள்ளி லிக்விட் குளுக்கோஸும், மால்டோடெக்ஸ்ட்ரினும் வரிசையாக நின்றால், அந்தப் பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. இரவில் பசித்தால் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை போதும். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி கொழுப்புதான். இருக்கட்டும், அது பசியை ஆற்றிக் கையையும் நிறுத்திவிடும்.

உன் அறையிலுள்ள பெண்களில் யாருக்காவது பித்தப்பை உபாதையோ வேறு காரணமோ இருந்து, வைத்தியர் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால், அவளுக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதே. அவள் கேட்க வேண்டியது அவர் சொல்லை. விடுதிக் குழம்பில் எண்ணெய் மிதப்பதற்குச் சமையற்காரரிடம் முறையிடுவதுதான் வழி; உங்கள் வார்டனுக்கு நாலு பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பெரியப்பா