கரிசல் மண்ணும் எங்கள் வீட்டுச் சுவரும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

திருமங்கலம் வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் கரிசல் மண்ணை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு உகந்த இம்மண் வீட்டிற்கு ஏன் உகந்ததாக இல்லை என்பதை, நான் அளந்து அறிந்த வரையில் இங்குக் கூற விரும்புகிறேன்.

எங்கள் வீட்டைக் கட்டியவர் என் தாய்மாமா. குடிபுகுந்த மறு ஆண்டே பின்சுவரில் விரிசல் கண்டது. சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று அப்பா ஏச, மாமா எங்கள் வீட்டிற்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நியாயம் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. எனவே அளக்கத் தொடங்கினேன்.

மண் சோதனை

வீக்கத்தை அளக்க எளிய முறை ஒன்று 1977ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயத்தில் உள்ளது. உலர்த்திச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு அளவு ஜாடிகளில் இட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, 24 மணி நேரம் விட வேண்டும். எங்கள் கொல்லை மண் மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டரும் தண்ணீரில் 19 மில்லிலிட்டரும் இடம் பிடித்தது. அதாவது வீக்கம் 90 விழுக்காடு. ஒப்புநோக்கச் சோதித்த செம்மண்ணோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது.

காரணம் என்ன? கரிசலில் மாண்ட்மாரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அது ஏடு ஏடாக அடுக்கிய புத்தகம் போன்றது. ஏடுகளின் மேல் எதிர் மின்னூட்டமும், இடையே நேர் அயனிகளும் உள்ளன. தண்ணீர் மூலக்கூறுகள் இடையே புகுந்து ஏடுகளை விலக்குகின்றன. முனைவற்ற மண்ணெண்ணெய்க்கு அந்த ஆற்றல் இல்லை. ஈரம் வற்றியதும் ஏடுகள் மீண்டும் நெருங்குகின்றன.

சுவர் சோதனை

பேராசிரியரின் அனுமதியுடன் வெர்னியர் அளவியைப் பெற்று, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று ஒரே இடத்தில் விரிசலை அளந்தேன். மே மாதம் 6.4 மில்லிமீட்டர், டிசம்பரில் 2.8. அந்தந்த மாத மழையோடு வைத்து வரைபடம் வரைந்தபோது புள்ளிகள் சிதறிக் கிடந்தன. முந்தைய மாத மழையோடு வைத்து வரைந்தேன். புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி வந்தன. ஈரம் அடிமண்ணுக்கு இறங்க நாள் பிடிக்கிறது என்பதே இதன் பொருள் எனக் கருதுகிறேன். ஓராண்டுக் கணக்கு விதியாகிவிடாது என்பதால் இன்னும் அளந்து வருகிறேன்.

தீர்வு

நம் நாட்டுக் கரிசலில் பருவத்திற்கேற்ப ஈரம் மாறுவது ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை என்று கொள்கிறார்கள். எங்கள் அஸ்திவாரமோ மூன்று அடி! மாமா காலமெல்லாம் வேலை பார்த்த செம்மண் ஊர்களுக்கு அது போதும். எங்கள் கையில் இருந்த பணமும் அவ்வளவுதான். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல் பருத்த கான்கிரீட் தூண்களை உருவாக்கியது. அசையாத ஆழத்தில் அக்குமிழ் ஊன்றி நிற்பதால், மேல்மண் வீங்கினாலும் தூண் எழும்பாது. கட்டி முடித்த வீட்டிற்கு நாங்கள் செய்யக்கூடியது, சுவரோரம் தண்ணீர் தேங்காமல் தளம் போடுவதுதான்.

இவற்றையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். அவர் பள்ளிக்கூடம் அறியாதவர். ஆனால் மண்ணை அறிந்தவர். "கோடையில வெடிப்புக்குள்ள மம்பட்டிக் காம்பே இறங்கும். அது தெரிஞ்சும் மச்சினன ஏசிப்புட்டேனே" என்றார்.

சுவரோரத் தளத்தைச் சென்ற மாதம் போட்டு முடித்தோம். போட்டுக் கொடுத்தவர் மாமாதான்.